கீமோ பிரிவுச் சுவரில் ஒரு தாள்

சினைப்பைப் புற்றுநோய்க்காக என் அம்மாவைக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டையின் ஒரு தனியார் மருத்துவமனைக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து சுற்றுக் கீமோவுக்கு அழைத்துச் சென்றேன். கட்டில், கழிப்பறை, கவனிப்பு எதிலும் குறையில்லை. நான் எழுத வந்தது, கீமோவால் வரும் இரத்தசோகையை அவர்கள் கையாண்ட முறையைப் பற்றி.

முதல் சுற்றுக்குப் போன வேறோர் இடத்தில், எச்பி (இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு) 10.8 இருந்தபோதே, இரும்புச்சத்தைக்கூடச் சோதிக்காமல், 'இரத்தம் ஊறுகிற ஊசி' என்று எரித்ரோபொய்டினை, அதுவும் விலை கூடிய கம்பெனி மருந்தாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். இங்கோ, அந்த ஊசியை எப்போது தரலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளைச் செவிலியர் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். எந்தச் சிகிச்சையை யாருக்குத் தரலாம் என்று அரசு மருத்துவச் சேவைக்குச் சொல்லும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலைத் தழுவி எழுதியது என்றார் மருத்துவர். 2008இல் அதே அமைப்பு இந்த ஊசியைப் பெரும்பாலும், பிளாட்டினம் வகைக் கீமோ எடுத்து எச்பி 8க்கு இறங்கிய சினைப்பைப் புற்றுநோயாளிகளுக்கும், இரத்தம் ஏற்ற இயலாதவர்களுக்கும் என்று குறுக்கி வைத்திருந்தது. 2014இல் கீமோ எடுக்கும் மற்றவர்களுக்கும் விரித்து, பொருத்தமான மருந்துகளில் விலை குறைந்ததையே தரும்படி சொன்னது. அங்கே அரசு மருத்துவச் சேவை அதற்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். இங்கே யாருடைய கட்டாயமும் இல்லாமல் ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இங்கே முதல் நாள் எச்பி 10.4. "ஆச்சி, பத்துக்கு மேல இருக்கு, ஊசி இப்ப வேண்டாம்" என்று செவிலியர் சொன்னபோது, ஏதோ சிக்கனம் பிடிக்கிறார்கள் என்றே அம்மா நினைத்தார். மூன்றாம் முறை 8.7க்கு இறங்கியது. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து, இரும்பைச் சிரை வழியாக ஏற்றி, அதன்பின்தான் வாரம் ஒன்றாக ஊசி தொடங்கினார்கள். பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், அதற்குள் மூச்சு வாங்கினால் இரத்தம்தான் ஏற்ற வேண்டும், 12க்கு மேல் எச்பியைத் தள்ளக் கூடாது, இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே வர வேண்டும் என்றெல்லாம் மருத்துவர் உட்கார வைத்துச் சொன்னார். ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்த்த பிறகே ஊசி.

குறை கீழ்த்தள மருந்தகத்தில். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய, உறையவும் கூடாத மருந்தை ஒருமுறை வெறும் பாலித்தீன் பையில் கொடுத்தார்கள். பில் வரிசையில் நாற்பது நிமிடம் அதைக் கையில் பிடித்தபடி நின்றேன். மேலே செவிலியர் அதைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். இன்னொரு முறை ஐஸ் கட்டியோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அந்தத் தாளும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது, அம்மா போன்றவர்களால் வாசிக்க முடியாது.

கீமோ முடிந்து நான்கு வாரத்துக்குள் ஊசியை நிறுத்த வேண்டும் என்பதும் அந்தத் தாளில் உண்டு. இன்னும் ரெண்டு போட்டால் தெம்பாக இருக்குமே என்று அம்மா கேட்டுப் பார்த்தார். செவிலியர் ஊசி போட்டதைக் குறிக்கும் அட்டையை வாங்கி, மிச்சமிருந்த கட்டங்களில் கோடு கிழித்துத் திருப்பிக் கொடுத்தார்.