அப்பாவின் எக்ஸ்ரேயும் நாங்கள் போன நுரையீரல் பிரிவும்

அப்பாவுக்கு 71 வயது. சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் 30 வருடம் வெல்டிங் வேலை, கூடவே சிகரெட். மூன்று மாதமாக இருமல், எடை 6 கிலோ குறைந்தது, சளியில் ரத்தக் கோடு. ஈசூனில் வழக்கமாகப் போகும் மருந்தகத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "கேன்சராகத்தான் இருக்கும்" என்று அப்பா முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. வங்கிப் புத்தகத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

அங்கிருந்து ஓர் அரசு மருத்துவமனையின் நுரையீரல் பிரிவுக்கு அனுப்பினார்கள். நான் எழுத வந்தது அந்தப் பிரிவைப் பற்றி.

டாக்டர் சீனப் பெண்மணி. அவர் சொல்லச் சொல்ல நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். வலது மேல் பகுதியில் இருந்த வெள்ளைத் திட்டைத் திரையில் காட்டி, "அங்கிள், டிபி, அதாவது காசநோயும் இங்கே வரும், புற்றுநோயும் இங்கே வரும். படத்தை மட்டும் வைத்து நான் பெயர் சொல்ல மாட்டேன்" என்றார். இதுவரை என்ன ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள் என்றும் கேட்டார். சில வகை மருந்துகள் டிபி கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கி, சோதனையைக் குழப்பிவிடுமாம். அதுவரை எங்களை யாருமே இதைக் கேட்கவில்லை.

புற்றுநோய் சர்க்கரையை இழுத்து ஒளிரும் பெட் ஸ்கேனில் திட்டு பளிச்சென்று தெரிந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. காசநோய் பிடித்த இடமும் சர்க்கரையை இழுத்துக்கொண்டு அப்படித்தான் ஒளிரும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். சளி எடுக்கத் தாதி கற்றுக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது: வாயைக் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமணும். "எச்சில் வேண்டாம் அங்கிள், சளிதான் வேணும்."

சளியில் கிருமி தெரியவில்லை. அதோடு விடாமல் பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். எடுத்த சதைத் துணுக்குகளில் ஒரு பங்கு சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போய், செல்களைப் பார்க்கும் கூடத்துக்கு. இன்னொரு பங்கை உப்பு நீரில் தனியாக வைத்தார்கள். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. இந்தச் சின்னக் கவனத்துக்காகவே எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மறுநாளே மரபணுச் சோதனையில் டிபி என்று வந்தது. செல்களில் புற்றுநோய் இல்லை. வளர்ப்பிலும் கிருமி வந்தது, ஆனால் அதற்கு ஐந்து வாரம் ஆனது.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் இரண்டு. பலதுறை மருந்தகத்தில் (அரசு பாலிகிளினிக்) தாதி முன்னால் அப்பா மருந்தை விழுங்கினார். டிபி இருப்பதாலேயே புற்றுநோய் இல்லை என்று ஆகாது, இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று சொல்லி, திட்டு சுருங்குகிறதா என்று டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்தார். சுருங்கியிருந்தது.

குறை என்றால், ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரக் காத்திருப்பு. தமிழில் ஒரு விளக்கத்தாளும் இல்லை. நான் கூடப் போகாவிட்டால் அப்பாவுக்குப் பாதி புரிந்திருக்காது.

போகிறவர்கள் பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். அந்தத் திட்டு புதிதா, பழைய தழும்பா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.