கல் ஆபரேஷனுக்குப் பிறகு ‘ரிவியூ’ போகிறவர்கள் உஷார்

சிறுநீரகக் கல்லுக்கு லேசர் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் செய்துகொள்ளப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஆபரேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கல் போய்விட்டது, செய்த டாக்டர் கைராசிக்காரர்தான். என்னைக் கறந்தது எல்லாம் அதற்கப்புறம் ரிவியூவுக்கு வரச் சொன்ன அன்றைக்கு.

ஊர் திருச்சி. தில்லைநகர்ப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு கிளினிக், அதில் ஒன்று இந்த யூராலஜி கிளினிக். இடது பக்கக் குழாயில் 9 மில்லிமீட்டர் கல் மாட்டிக்கொண்டு உருண்டு புரண்ட நேரத்தில் பேரம் பேசவா தோன்றும், ‘எல்லாம் சேர்த்து 65,000 பேக்கேஜ் சார்’ என்றார்கள், சரி என்றோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷன் பெயருக்குப் பக்கத்தில் ‘டிஜேஎஸ்’ என்று மூன்று எழுத்து, கீழே ‘இரண்டு வாரம் கழித்து ரிவியூ’. அவ்வளவுதான். அந்த மூன்று எழுத்து என்னவென்று வார்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

அது டிஜே ஸ்டென்ட். கல்லை உடைத்த பிறகு சிறுநீர்க்குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, கிட்னியிலிருந்து மூத்திரப்பை வரைக்கும் ஒரு மெல்லிய குழாயை உள்ளேயே விட்டுவைக்கிறார்கள், நழுவாமல் இருக்க இரண்டு முனையும் சுருண்டிருக்கும். அது உள்ளே இருக்கிற வரைக்கும் அடிக்கடி ஒன்றுக்கு முட்டும், போகும்போது விலாவில் சுரீரென்று இழுக்கும், பஸ்ஸில் கொஞ்சம் குலுங்கினால் சிவப்பாகப் போகும். பெரும்பாலானவர்களுக்கு இதெல்லாம் சகஜம்தானாம். இந்த ஒரு வரியை முதலிலேயே சொல்லியிருந்தால் வீட்டில் எல்லாரும் அப்படிப் பயந்திருக்க வேண்டாம்.

ரிவியூ அன்று பத்து மணிக்கு டோக்கன், டாக்டர் வந்தது ஒரு மணிக்கு. அதுகூடப் பரவாயில்லை, நம்ம ஊரில் பழகினதுதான். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கவுண்டரில் கன்சல்டேஷன் 600, அதோடு ‘ரிவியூ புரொஃபைல்’ என்று 3,200 கட்டச் சொன்னார்கள். ரத்தம், யூரின், அல்ட்ராசவுண்ட், அப்புறம் யூரோஃப்ளோ என்று ஒரு டெஸ்ட். யூரோஃப்ளோ என்றால் ஒரு மெஷினில் ஒன்றுக்குப் போக வேண்டும், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அது வரைபடம் போடும். பிராஸ்டேட் வீங்கின பெரியவர்களுக்குச் சரியான டெஸ்ட். நாற்பது வயதில், உள்ளே ஸ்டென்ட் உறுத்திக்கொண்டிருக்கிற ஆளுக்கு எதற்கு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ‘ப்ரோட்டோகால் சார், எல்லாருக்கும் உண்டு’ என்றது. வேடிக்கை என்னவென்றால், கல் துணுக்கு மிச்சம் இருக்கிறதா, ஸ்டென்ட் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாக எடுக்கிற சாதாரண வயிற்று எக்ஸ்ரே மட்டும் அந்த புரொஃபைலில் இல்லை. டாக்டர் அதைக் கேட்க, மறுபடியும் கீழே ஓடித் தனியாகப் பணம் கட்டினேன்.

டாக்டர் அறையில் இருந்தது இரண்டு நிமிஷம் இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘ஸ்டென்ட் எடுக்கணும், நாளைக்கே அட்மிட் ஆகிடுங்க’ என்றார். யூரோஃப்ளோ பேப்பரை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்தால் பிஆர்ஓ பையன் ஒரு சீட்டை நீட்டுகிறான்: ரூம், மயக்க மருந்து, தியேட்டர் எல்லாம் சேர்த்து 22,000. ‘தம்பி, எல்லாம் சேர்த்துதானே 65,000 சொன்னீங்க?’ ‘அது வைக்கிறதுக்கு சார், எடுக்கிறது தனி.’ யோசித்துச் சொல்கிறேன் என்றதும் அவன் குரல் மாறிவிட்டது. ‘லேட் பண்ணா கிட்னி போயிடும் சார், அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது.’

இந்த மிரட்டலில் பாதி உண்மை, அதனால்தான் அது வேலை செய்கிறது. ஸ்டென்ட்டை மறந்து மாசக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே உப்பு படிந்து கல் வளரும், எடுக்க இன்னொரு பெரிய ஆபரேஷன் ஆகும், கிட்னியே கெட்டுப்போனவர்களும் உண்டு. பொதுவாகச் சில வாரங்களில் எடுத்துவிடுகிறார்கள், மூன்று மாதத்தைத் தாண்ட விடக்கூடாது. ஆனால் ஒரு நாள் தள்ளினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், கட்டியாக ரத்தம், ஒன்றுக்கே போகாமல் அடைப்பு, இப்படி இருந்தால் மட்டும் காசைப் பார்க்காமல் ஓடிப்போய் யாரிடமாவது காட்டிவிடுங்கள். எனக்கு அது எதுவும் இல்லை. நம் உடம்புக்குள் அவர்கள் சாமான் கிடக்கிறது, இவன் எங்கே போய்விடுவான் என்ற தைரியம்தான் அவர்களுக்கு.

போனேன். மச்சான் சொன்ன வேறொரு டாக்டரிடம். ஜெல் மரப்பு மருந்து வைத்து, உள்ளே கேமரா விட்டு, ஒரு இடுக்கியால் பிடித்து இழுத்தார், ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அட்மிஷன் இல்லை, மயக்கம் இல்லை, மொத்தம் 4,500, பில்லோடு. வலி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், பல்லைக் கடித்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கும் சில சிக்கலான கேஸ்களுக்கும் மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்களாம், அது நியாயம். எனக்கு ஏன் என்று அந்த முதல் கிளினிக் கடைசி வரை சொல்லவில்லை.

போகிற வழியில் இன்னொரு கூத்து. புது டாக்டர் ஆபரேஷன் நோட்ஸ் கேட்டார், பழைய இடத்தில் ‘ஃபைல் வெளியே கொடுக்க மாட்டோம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சுத்தப் பொய். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் போட்டேன், ஜெராக்ஸ் வந்துவிட்டது. 3,200க்கு முதலில் கொடுத்தது வெறும் துண்டுச் சீட்டு, தேதி வாரியாக விவரம் போட்ட பில்லும் அப்போதுதான் கொடுத்தார்கள். இன்ஷூரன்ஸ் இருப்பவர்கள் இதை விடாதீர்கள், பாலிசியைப் பொறுத்து டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாளோ 90 நாளோ ஆகிற செலவைத் திரும்பக் கேட்கலாம், துண்டுச் சீட்டைக் காட்டினால் கம்பெனிக்காரன் சிரிப்பான்.

ஆகவே, அட்வான்ஸ் கட்டும்போதே கேளுங்கள்: ஸ்டென்ட் வைப்பீர்களா, எந்தத் தேதிக்குள் எடுப்பீர்கள், எடுக்கிற காசு இந்தத் தொகையில் அடக்கமா, மரப்பு மருந்தா முழு மயக்கமா. பதிலை எஸ்டிமேட் தாளிலேயே எழுதி சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தைக்கு மதிப்பு இல்லை. வயதானவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள், நான் உட்கார்ந்திருந்தபோதே மணப்பாறையிலிருந்து வந்த ஒரு பெரியவர் சத்தமில்லாமல் 22,000க்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வெட்டியாகக் கட்டின டெஸ்ட் பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயார் செய்கிறேன். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அது நடக்கும்வரை கிளினிக் பெயரைப் பொதுவில் போடுவதாக இல்லை, கமெண்டில் கேட்டு நச்சரிக்காதீர்கள். இதே மாதிரி எடுப்பதற்குத் தனிக் காசு கட்டினவர்கள் திருச்சியில் யாராவது இருந்தால், எஸ்டிமேட் தாளை போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள், மனுவோடு சேர்க்க உதவும்.