எட்டு டாலர் வாடகை அறையில் ஒரு கொலைகாரன்: 'நேட்டிவ் சன்' எந்தப் பதிப்பு வாங்கலாம்?

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் 'நேட்டிவ் சன்' 1940இல் வெளியான நாவல். இதற்கு இரண்டு பாடங்கள், அதாவது இரண்டு வடிவங்கள் உண்டு. 'மாதம் ஒரு புத்தகம்' என்ற வாசகர் சங்கத்தின் தேர்வுக்காகச் சில இடங்களை வெட்டித்தான் முதல் பதிப்பு வந்தது. வெட்டுப்பட்டதைச் சேர்த்து 1991இல் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா என்ற பதிப்பகம் வெளியிட்டது. அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். முதல் பாகத்தில் நாயகனான கறுப்பு இளைஞன் பிகர் தாமஸும் நண்பன் ஜாக்கும் சினிமாவுக்குப் போகும் இடத்தைப் புரட்டுங்கள். திரையில் ஓடும் செய்திப்படத்தில் பணக்கார வீட்டுப் பெண் மேரி டால்ட்டன் வந்தால் அதுதான் முழுப் பாடம். வெட்டிய பாடத்தில் பிகரின் ஆசை மழுங்கி, அவன் பாதி அப்பாவியாகிவிடுகிறான். ரைட் எழுதியது அப்பாவியைப் பற்றியல்ல.

இடம் சிகாகோவின் தெற்குப் பகுதி. ஓர் அறையில் நான்கு பேர்: அம்மா, தங்கை, தம்பி, இருபது வயது பிகர். பெண்கள் உடை மாற்றும்போது பையன்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதற்குள் ஒரு பெருச்சாளி புகுந்துவிட, பிகர் இரும்பு வாணலியால் அதை அடித்துக் கொல்கிறான். செத்ததைத் தங்கையின் முகத்துக்கு நேரே ஆட்ட, அவள் மயங்கி விழுகிறாள். பயத்தைத் தன்னைவிட இளைத்தவர் மேல் இறக்கிவைக்கிற பழக்கம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்தப் பக்கங்களை அவசரமாகத் தாண்டினால் பின்னால் வரும் எதுவும் பிடிபடாது.

அடுத்து பில்லியர்ட்ஸ் கூடம். இவர்கள் அதுவரை திருடியதெல்லாம் கறுப்பர்களிடம்தான். கறுப்பன் பறிகொடுத்தால் வெள்ளைப் போலீஸ் மெனக்கெடாது என்பது அவர்கள் கணக்கு. வெள்ளையர் ஒருவரின் கடையைக் கொள்ளையடிக்கலாம் என்றதும் எல்லோருக்கும் உள்ளூர நடுக்கம். அதை வெளியே சொல்ல முடியாத பிகர், கஸ் என்ற நண்பனை உதைத்து, கத்தியை நக்கவைத்துத் திட்டத்தையே குலைக்கிறான். கொலைக்காட்சியைவிட இந்த இடம்தான் நாவலின் சாவி.

பணக் கணக்கை ஒரு தாளில் குறித்துக்கொண்டு படியுங்கள். மேரியின் அப்பா டால்ட்டன் வீட்டில் பிகருக்குக் கிடைக்கும் டிரைவர் வேலைக்கு வாரம் 25 டாலர்: குடும்பத்துக்கு 20, கைச்செலவுக்கு 5. எலி ஓடும் அந்த அறைக்கு வாரம் 8 டாலர் வாடகை. வாடகை வாங்கும் நிறுவனத்தின் பின்னால் இருப்பவர் அதே டால்ட்டன்தான்! கறுப்பு இளைஞர்களுக்கு அவர் பிங்பாங் மேசை வாங்கித் தருகிறவர். வாடகையைக் குறைக்கலாமே என்று கேட்டால், போட்டியாளர்களைவிட மலிவாக விடுவது நெறியல்ல என்கிறார். நெறி என்ற சொல் இந்த வாய்க்குப் போனதுதான் ரைட்டின் ஆகக் கூர்மையான அடி.

மேரியின் சாவில் பலர் சறுக்குகிறார்கள். அவளைக் கொல்வது அவன் திட்டத்திலேயே இல்லை. போதையில் இருந்தவளை அறையில் படுக்கவைத்தவன் உடனே வெளியேறாமல் நிற்கிறான். பார்வையற்ற தாய் உள்ளே வந்ததும், மேரி குரல் கொடுத்துவிடக் கூடாதென்று தலையணையால் அழுத்துகிறான். வெள்ளைப் பெண்ணின் அறையில் கறுப்பன் பிடிபட்டால் விளக்கம் கேட்க ஆளில்லை. அதை வைத்து 'சூழ்நிலையின் பலி' என்று முடித்துவிடாதீர்கள். பிறகு தன் காதலி பெஸ்ஸியைக் கொல்வது யோசித்துச் செய்தது, ஆயுதம் செங்கல். மரண விசாரணையிலோ பெஸ்ஸியின் உடல் மேரி வழக்குக்கு ஒரு சான்றுப்பொருள், அவ்வளவே. பெஸ்ஸிக்கென்று ஓர் உலகம் தராதது ரைட்டின் குறையும்கூட.

மூன்றாம் பாகத்தில் பிகரின் வக்கீல் மேக்ஸின் வாதம் நீளம். முன்பே காட்டியதைத் திரும்பச் சொல்கிறது, வேகமாகக் கடக்கலாம். பாகங்களுக்குள் அத்தியாயப் பிரிவே இல்லாததால் நிறுத்த இடம் கிடைக்காது. பாகத்துக்கு இரண்டு மூன்று அமர்வுகள் ஒதுக்குங்கள். பேச்சுவழக்கு ஆங்கிலம் தடுக்கினால் வாய்விட்டுப் படித்தால் சரியாகும்.

ஐந்துக்கு நாலரை. பிகர் உருவானதைப் பற்றிய ரைட்டின் கட்டுரை சில பிரதிகளில் முன்னாலேயே இருக்கும். கதை கசிந்துவிடும், கடைசியில் படியுங்கள். தொடக்கம் அமையாமல் பில்லியர்ட்ஸ் கூடத்திலிருந்து எழுத ஆரம்பித்தவர், அந்த எலியைப் பிற்பாடுதான் பிடித்திருக்கிறார்.