வெள்ளவத்தையில் பட்ச் டெஸ்ட்: டொக்டருக்கு முழு மார்க், ரிசப்ஷனுக்கு இல்லை

மணிக்கூட்டுப் பட்டியின் கொக்கி படுகிற இடத்தில் மட்டும் சொறி வந்துகொண்டே இருந்ததால் ஒரு தனியார் தோல் கிளினிக்கில் பட்ச் டெஸ்ட் செய்தேன். எது ஒவ்வாமை தருகிறது என்று பார்க்க, சந்தேகப் பொருட்களை முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக டேப்பால் ஒட்டி 48 மணித்தியாலம் நனைக்காமல் வைத்திருக்க வேண்டும். கொழும்பு வேர்வையில், காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு இது லேசான காரியமில்லை, ஒரு ஓரம் கழன்றே விட்டது.

ஆனால் டொக்டர் விளக்கியதற்கே காசு கொடுக்கலாம். தோலின் மேலடுக்கில் லாங்கர்ஹான்ஸ் கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் கைகளை நீட்டியபடி இருக்கின்றன. 1868இல் அவற்றைக் கண்ட போல் (Paul) லாங்கர்ஹான்ஸ் நரம்புக் கலங்கள் என்றே நினைத்தார். அவற்றின் மேற்பரப்பில் உள்ள லாங்கரின் என்ற புரதம் கிருமியின் சர்க்கரையைப் பிடித்ததும், பிடித்ததோடு சேர்ந்து கலத்துக்குள்ளே போய்விடும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் டென்னிஸ் மட்டை மாதிரித் தெரியும் பேர்பெக் துணிக்கைகள் அந்தப் புரதத்தால்தான் உருவாகின்றன. எச்.ஐ.வியைக்கூட அப்படி இழுத்துச் சிதைக்குமாம். ஆனால் கொக்கி போன்ற உலோகங்களில் இருக்கும் நிக்கலுக்கான ஒவ்வாமையில் வேலை டீ கலங்கள் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்புக் கலங்களுக்கு. அவை தோலுக்கு வந்து சேர நேரமாகும், அதனால்தான் டேப்பைக் கழற்றிய பிறகும் இன்னொரு தடவை வரச் சொல்கிறார்கள்.

அந்த இரண்டாவது தடவைக்கு ரிசப்ஷன் தந்த திகதி போயா நாள், பௌர்ணமி விடுமுறை. கதவு பூட்டு. போனிலும் ஆள் இல்லை.

சரி, நிக்கல் வட்டம் சிவந்து கொப்பளித்திருந்தது, விடை கிடைத்தது. போகிறவர்கள் திங்கட்கிழமை ஒட்டிக்கொள்ளுங்கள், கலண்டரையும் பாருங்கள்.