அவென்யூ க்யூவா, புக் ஆஃப் மோர்மனா?

பெரியவங்களுக்கான காமெடி மியூசிக்கல்னா (பாட்டோட வர்ற மேடை நாடகம்) எனக்கு முதல்ல பொம்மைங்க நடிக்கிற அவென்யூ க்யூதான். 2003ல நியூயார்க்கோட நாடக வட்டாரமான பிராட்வேக்கு வந்துச்சு, அடுத்த வருஷமே சிறந்த மியூசிக்கலுக்கு டோனிங்கிற அமெரிக்க நாடக அவார்டு, 2006ல லண்டன். பொம்மைய ஆட்டுறவங்க ஒளிஞ்சுக்கவே மாட்டாங்க, சாம்பல் கலர் டிரஸ்ல நம்ம எதிர்லயே நிக்கிறாங்க, ஆனாலும் கொஞ்ச நேரத்துல நம்ம கண்ணு பொம்மை மேலதான் இருக்கும், அதுவும் கேட், லூசிங்கிற ரெண்டு பொம்மைக்கும் ஒரே நடிகை குரல மாத்தி மாத்தி பேசுறப்ப அசந்து போயிடுவோம். பொம்மைங்களுக்கு படுக்கையறை சீன் கூட உண்டு, குழந்தைங்கள கூட்டிட்டு போயிடாதீங்க!

மோர்மன்ங்கிற கிறிஸ்தவப் பிரிவு இளைஞர்கள் ரெண்டு பேர் உகாண்டாவுக்கு மதம் பரப்பப் போற கதைதான் புக் ஆஃப் மோர்மன், 2011ல வந்துச்சு, 9 டோனி, 2013ல லண்டன். பிரம்மாண்டத்துல இதுதான் பெருசு. ரெண்டுக்கும் பாட்டு எழுதினதுல ராபர்ட் லோபஸ் பங்கு இருக்கு. ஆனா உகாண்டா மக்கள காட்டுற விதம் எனக்கு உறுத்துது. அவென்யூ க்யூல டிகிரி முடிச்சிட்டு வேலை கிடைக்காம அல்லாடுற பிரின்ஸ்டன் பொம்மை எந்த ஊருக்குப் போனாலும் நம்மாளுதான், என் ஓட்டு அதுக்கே.