தட்டில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை: வெள்ளவத்தைப் பக்கம் சாமான் வாங்குபவர்கள் கவனிக்கவும்

காலி வீதியில் இருக்கும் சூப்பர் மார்க்கெட் சங்கிலிகளின் சின்னக் கிளைகளில் சாமான் வாங்கினால், கவுண்டரை விட்டு நகர முன் பில்லை முழுதாக வாசியுங்கள். விலைகளை மட்டுமல்ல, அடியில் லோயல்ட்டி கார்ட் புள்ளிகள் (வாங்குகிற காசுக்கு ஏற்பக் கடை போடுபவை) யாருடைய போன் நம்பரில் ஏறியிருக்கின்றன என்பதையும் பாருங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் பில் பார்க்காமல் காசு கொடுப்போம்.

போன மாதம் ஒரு மாலை, வேலை முடிந்து வரும் கூட்டத்தோடு கூட்டமாக நானும் உள்ளே போனேன். சலவைத்தூள் பைக்கற்றின் கீழே மஞ்சள் லேபிள்: பழைய விலை 600 ரூபா, இப்போது 480. யோகட், மைசூர் பருப்பு, பாண் எல்லாம் எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தேன். பில்லில் சலவைத்தூள் 600.

கேட்டேன். “அக்கா, அது லோயல்ட்டி கார்ட் இருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான்” என்றார் கவுண்டரில் நின்ற தம்பி. லேபிளில் அப்படி ஒரு வரி இல்லை. எனக்குக் கார்ட்டும் இல்லை. இரவு பகலாக எஸ்எம்எஸ் அனுப்புவார்கள் என்பதால் நான் சேரவே இல்லை. சரி என்று பில்லை மறுபடி பார்த்தால், அடியில் ஒரு போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கங்களும், இன்று சேர்ந்த புள்ளிகளும் அச்சாகியிருந்தன. நான் நம்பரே சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கார்ட் இருந்தால்தான் கழிவு என்றால், யாரோ ஒருவரின் கார்ட் என் பில்லில் ஏறித்தானே இருக்கிறது? பிறகு ஏன் 480 விழவில்லை? இதைக் கேட்டதும் தம்பி மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் புதுக் காரணம் சொன்னார்: கழிவு நேற்றோடு முடிந்துவிட்டது, லேபிளைக் கழற்ற மறந்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு காரணம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பையன் போய் அந்த லேபிளை உரித்துவிட்டான். நல்ல வேளை, வீட்டில் கேட்பதற்காக அதை முதலே படம் எடுத்து அனுப்பியிருந்தேன்.

படத்தைக் காட்டிய பிறகும் காசாகத் தர முடியாது, அந்த 120 ரூபாவுக்கு வேறு சாமான் எடுங்கள் என்றார்கள். பின்னால் வரிசை நீண்டது, ஆட்கள் முறைக்கத் தொடங்கினார்கள். இந்தக் கூச்சத்தை நம்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. நான் நகரவில்லை. அப்போதுதான் பில்லில் பைக்கு இரண்டு தடவை காசு போட்டிருப்பதும் கண்ணில் பட்டது. கையில் இருந்தது ஒரு பை. 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடி உள்ள பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்பது சட்டம். காட்டினார்கள், ஒன்று கூட்டியே காட்டினார்கள். கடைசியில் சலவைத்தூள் கழிவுக்கும் கூட்டிப் போட்ட பைக்கும் காசு திரும்பி வந்தது. அந்த நம்பர் யாருடையது என்பதற்கு மட்டும் “சிஸ்டம் பிழை” என்ற பதில்தான்.

சிஸ்டம் தானாக ஒரு நம்பரைத் தேடிப் பிடித்துப் புள்ளி போடாது. கார்ட் இல்லாத வாடிக்கையாளரின் பில்லில் வேறொரு நம்பரை அடித்தால் புள்ளிகள் அங்கே போய்ச் சேரும். கூட்டமான நேரத்தில் இப்படி எத்தனை பில் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதற்காக அந்தத் தம்பியை மட்டும் பிடித்துத் திட்ட எனக்கு மனமில்லை. நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிற பிள்ளைகள். யார் பில்லில் யார் நம்பர் ஏறுகிறது என்று பார்க்க வேண்டியது மேலே இருப்பவர்கள்.

கார்கில்ஸ் தன் முதல் சூப்பர் மார்க்கெட்டை ஸ்டேபிள் வீதியில் திறந்தது 1983இல். இன்று கீல்ஸ், ஆர்பிகோ, ஸ்பார், குளோமார்க் என்று சந்திக்குச் சந்தி இருக்கின்றன. கரண்ட் பில்லும் அங்கேதான் கட்டுகிறோம். ஒழுங்கைக் கடையில் முதலாளி கூடுதலாக எடுத்தால் அடுத்த நாள் முகத்துக்கு நேரே கேட்கலாம், அவரும் சமாளிப்பார். இங்கே கவுண்டரில் ஒவ்வொரு முறையும் வேறு முகம், கையில் மிஞ்சுவது அந்தத் துண்டுக் கடதாசி மட்டும்.

அதனால் தட்டில் கழிவு லேபிள் இருந்தால் படம் எடுங்கள். கார்ட் இல்லையென்றால் “நம்பர் போட வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பைக்கற்றில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் யாரும் விற்க முடியாது. அந்த விலையை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டுவதும் குற்றம். தண்ணீர்ப் போத்தலுக்கு 2025 ஏப்ரலில் இருந்து கட்டுப்பாட்டு விலை இருக்கிறது: 500 மில்லிலீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா. குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்தாலும் அதே விலைதான்.

கடையில் சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற போன் நம்பரில் அழையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. கிளை எங்கே, எந்தத் திகதி, பில் இருக்கிறதா என்பதைத் தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள். பில்லின் எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

தலைமை அலுவலகத்துக்கும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். “உள்ளக விசாரணை நடக்கிறது” என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது, அதற்குப் பிறகு சத்தமில்லை. பதில் வந்தால் இதன் கீழே சேர்க்கிறேன்.