300 திருமணப் பத்திரிகைக்கு எந்த அச்சு சிக்கனம்?

அச்சடித்த அட்டையின் நான்கு மூலைகளிலும் நனைந்த விரலால் மஞ்சள் தடவிப் பார்க்காமல், எந்த முறை சிக்கனமானது என்று முடிவு செய்யக் கூடாது. கடந்த ஆவணியில் என் தங்கையின் திருமணத்துக்காக அம்மாப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டிலேயே 300 பத்திரிகைகளை வடிவமைத்து அச்சுக்குக் கொடுத்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். வீட்டுப் பிரிண்டர், டிஜிட்டல் அச்சு, வலை வழியே மையைத் தள்ளி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங், கடையில் விற்கும் ஆயத்த அட்டை ஆகிய நான்கையும் மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே நாங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

வீட்டில் மை டேங்க் பிரிண்டர் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது, அதிலேயே அச்சடித்துவிடலாம் என்பதுதான். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. மாதிரிக்கு ஒன்று எடுத்து, மணமக்கள் பெயரை அரக்கு நிறத்திலும் மற்ற வரிகளைக் கறுப்பிலும் அமைத்திருந்தேன். அம்மா மஞ்சளைக் குழைத்து மூலையில் வைத்தபோது ஒரு சொட்டு வழிந்து பெயரின் மேல் ஓடியது. கறுப்பு வரிகள் அப்படியே நிற்க, அரக்கு எழுத்துகள் மட்டும் இளஞ்சிவப்பாகக் கரைந்து பரவின. இத்தகைய பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் நிறமி மை. மற்ற மூன்று நிறங்களும் தண்ணீரில் கரையும் சாய மை. ஆகவே வீட்டு அச்சுதான் வேண்டும் என்றால், எழுத்து முழுவதையும் கறுப்பில் வைத்து, நிறத்தை அட்டையிலிருந்தே பெற்றுக்கொள்ள வேண்டும். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த அட்டை அந்தப் பிரிண்டரின் உருளைக்குள் வளைந்து நுழையாது என்பதால், மெல்லிய தாளுடன் மனநிறைவு கொள்ளவும் வேண்டும். 50 பத்திரிகைக்குள் முடிகிற திருமணத்துக்கு இது போதும். 300-க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிஜிட்டல் அச்சில் பொடி மை சூட்டில் தாளோடு ஒட்டிக்கொள்வதால் மஞ்சள் பட்டாலும் எழுத்து கலங்குவதில்லை. பிளேட் (அச்சுத் தகடு) செலவு கிடையாது. வேண்டிய எண்ணிக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடர் நிறம் நிரப்பிய அட்டையை மடித்தால் மடிப்பின் மேல் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். பளபளப்பான லேமினேஷன் போட்டால் மஞ்சளே நிற்காது, துளித்துளியாக உருண்டு ஓடிவிடும்.

இந்த முறையில் பணம் மிச்சமாவதும் வீணாவதும் அட்டையின் அளவில்தான். 12-க்கு 18 அங்குலத் தாளில் 5-க்கு 7 அங்குல அட்டை, ஓர இடைவெளி விட்டால் நான்குதான் வரும், அதையே 3.75-க்கு 8.5 அங்குலமாக மாற்றினால் ஆறு வரும். 300 பத்திரிகைக்கு 75 தாளுக்குப் பதில் 50 தாள் போதும். அந்த நீள அட்டை எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும் 9-க்கு 4 அங்குலக் கவரில் பொருந்திவிடுவதால், தனி அளவுக் கவர் செய்யும் செலவும் மிச்சம். எடையும் 300 ஜி.எஸ்.எம்.-இல் ஏறத்தாழ 6 கிராம்தான் என்பதால் கவரோடு சேர்த்தும் அஞ்சல் கட்டணத்தின் முதல் 20 கிராம் படிக்குள் அடங்கிவிடும்; முழு ஏ4 அளவு அட்டையை மடித்து அனுப்பினால் அட்டை மட்டுமே 18 கிராமைத் தாண்டும்.

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது அந்த நீள அட்டையின் அளவில், ஒரே நிறத்தில், ஸ்கிரீன் பிரிண்டிங். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வலைச்சட்டம் வேண்டும் என்பதால் இரண்டாவது நிறம் சேர்த்த உடனே செலவு ஏறும். ஒரே நிறத்தில் நின்றுவிட்டால் 300 போன்ற எண்ணிக்கைக்கு எங்களுக்குக் கிடைத்த விலைகளில் இதுவே குறைவு. மை தடிப்பாகப் படிவதால் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும், சந்தன நிற அட்டையில் அரக்கு மை மிக நன்றாக எடுபடும். மிகச் சிறிய எழுத்துகள் அடைத்துக்கொள்ளும் என்பதை மட்டும் மனத்தில் வைத்து, உறவினர் பெயர்ப் பட்டியலை நெருக்காமல் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனோம். தகடு செய்து பெரிய இயந்திரத்தில் ஓட்டும் ஆஃப்செட் அச்சை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பிளேட்டும் இயந்திரம் ஓட்டத் தொடங்கும் செலவும் 300-க்கும் 1,000-க்கும் ஒன்றுதான்.

ஆயத்த அட்டையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. தங்க ஃபாயில், மடிப்பு, பொருத்தமான கவர் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. நாள் குறைவாக இருப்பவர்களுக்கு அதுவே சரி. ஆனால் வாசகத்தை அவர்களுடைய கட்டத்துக்குள் அடக்க வேண்டியிருக்கும். கைபேசியில் அனுப்பும் படம் நண்பர்களுக்குப் போதும். தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்து அழைக்க வேண்டிய தாய்மாமனுக்கும் பங்காளிகளுக்கும் அது ஈடாகாது.

எந்த முறையானாலும் கோப்பை எழுத்துருவோடு கொடுக்காமல், எழுத்துகளை உருவமாக மாற்றிய பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். நாங்கள் முதலில் யூனிகோடில் கொடுத்ததை ஒரு அச்சகத்தில் தங்கள் பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்தார்கள். ‘திருநிறைச்செல்வி’யில் ஒற்று விடுபட்டுவிட்டது, ஒரு ‘கொ’வின் கால் அடுத்த வரிக்குப் போய்விட்டது. ப்ரூஃபை (சரிபார்க்கத் தரும் பிரதியை) வீட்டில் மூன்று பேர் தனித்தனியே வாய்விட்டுப் படித்ததால்தான் அது தெரிந்தது. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் அச்சகங்களில் நெருக்கடி குறைவு; வடிவமைப்பையும் மாதிரியையும் அப்போதே முடித்துக்கொண்டு, அச்சை மட்டும் ஆவணி பிறந்ததும் போட்டோம்.

கவரில் ஓர் எச்சரிக்கை. ஏற்காட்டு உறவினர்களுக்கான 40 பத்திரிகைகளோடு 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய் ஓர் இரவு அங்கே தங்கினோம். மழைக்கால ஈரத்தில், மடலில் பசை தடவி வரும் கவர்கள் விடிவதற்குள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. இன்னும் பெயர் எழுதிப் பத்திரிகை வைக்காமல் இருந்த வெறுங்கவர்களைக் கத்தியால் பிரிக்க வேண்டியதாயிற்று. மலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பசையில்லாத கவரை வாங்கி, மடலை உள்ளே செருகி, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.